மண் போட்டுக் கழுவிய கிளாஸ்

நாயைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவன் என்று எங்கள் வீதியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன? மதுக்கரையிலிருந்து கடல் நூற்று முப்பது கிலோமீட்டர். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே யோசிக்கிற தூரம். நான் நாய்க்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு, ரயிலில், மாதம் இரண்டு ஞாயிறு போய்வந்தேன். கிறுக்கு என்றால் கிறுக்குதான்.

என் பெயர் அங்கப்பன். முப்பத்திநாலு வருஷம் ரயில்வேயில் தண்டவாள வேலை. கடைசிப் பதினோரு வருஷம் கீமேன். தோளில் சுத்தியும் ஸ்பேனரும் போட்டுக்கொண்டு தினமும் தண்டவாளத்தோடு நடந்து, எங்கே கிளிப் கழன்றிருக்கிறது, எங்கே போல்ட் ஆடுகிறது என்று பார்த்து முடுக்கிக்கொண்டே போக வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் நடை நிற்காது. அந்தப் பக்கம் யானை வேறு வரும். ரிட்டயர் ஆனபோது மாலை போட்டு, சால்வை போர்த்தி, அண்டா கொடுத்து அனுப்பினார்கள். கால்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. காலை ஆறு மணி ஆனதும் அவை பாட்டுக்கு வாசலுக்குப் போய் நின்றன.

நான் ரிட்டயர் ஆவதற்கு மூன்று மாதம் முன்னால் என் மனைவி செவ்வந்தி சர்க்கரை முற்றி இறந்துபோனாள். மகன் எழில் பெருந்துறையில், தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். நல்ல பையன், ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவான். ஆனால் அவன் வீட்டுக்கு நான் போய்த் தங்குவதில்லை. அங்கே வாடகைக்கு வீடு பிடிக்கும்போது நாங்கள் இன்ன சாதி என்பதை அவன் சொல்லவில்லை. ஒருமுறை போயிருந்தபோது, "அப்பா, ஊட்டுக்காரம்மா ஏதாச்சும் கேட்டா ஊரு மதுக்கரைன்னு மட்டும் சொல்லிப்போடுங்க, அதுக்கு மேல பேசாதீங்க" என்றான். சொன்னவன் முகத்தை நான் பார்க்கவில்லை, என் முகத்தை அவன் பார்க்கவில்லை. நான் மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

ஆக, வீட்டில் நானும் நாயும்தான். எட்டிமடைப் பக்கம் வண்டியில் அடிபட்டுச் செத்த ஒரு நாயின் குட்டி அது. வேலையின் கடைசி வருஷத்தில் என் பின்னால் தண்டவாளத்தோடு நடந்து வந்து ஒட்டிக்கொண்டது. செம்மண் நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். முன்னால் நடந்துபோய், 'இன்னும் வரலையா?' என்கிற மாதிரி திரும்பிப் பார்க்கும். எங்கள் கேங்கில் மேஸ்திரி அப்படித்தான் பார்ப்பார். அதனால் மேஸ்திரி என்றே பெயர் வைத்துவிட்டேன். "வாங்க மேஸ்திரி, உக்காருங்க மேஸ்திரி" என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு திருப்தி. அசல் மேஸ்திரி என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

நடக்க இடம் தேடினோம். ஊருக்குள் குளக்கரைகளில் அழகழகாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். நாய்க்கு அனுமதி இல்லை என்று போர்டும் வைத்திருக்கிறார்கள். மலையடிவாரத்துப் பாதைக்குப் போனால் வனக்காவலர் திருப்பி அனுப்பினார். நாய் வாசத்துக்கு யானை மிரளுமாம். வீதியில் நடந்தால் முக்குக்கு முக்கு நாலு நாய் மேஸ்திரியை வழிமறிக்கும். இதற்கு நடுவே என் முழங்கால் வீங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஜல்லி மேல் நடந்த கால், இனிமேல் மெத்தென்ற தரையில் நடங்கள் என்றார் டாக்டர். மெத்தென்ற தரைக்கு மதுக்கரையில் எங்கே போவது? இங்கே காற்றில்கூட சிமெண்ட் இருக்கும்.

பழக்கமான ரயில் கார்டு ஒருவர்தான் வழி சொன்னார். "திரூர்ல எறங்கி அஞ்சாறு கிலோமீட்டர் நடந்தா பறவண்ணை கடல். மணல் பஞ்சாட்டம் இருக்குங்க. எங்க பெட்டியில நாய்க்குக் கூண்டு இருக்குது, புக் பண்ணிக் கொண்டாங்க." அப்படித்தான் ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கடல் பார்த்தோம். அதுவரை எனக்கும் கடல் தெரியாது. பாலக்காடு வரைக்கும் தண்டவாளத்தின் ஒவ்வொரு வளைவும் தெரியும், அது முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியதே இல்லை.

மேஸ்திரி அலையைப் பார்த்துக் குரைத்தார். அலை கேட்கவில்லை. மூன்றாவது அலையில் உள்ளே விழுந்து, மூக்கெல்லாம் தண்ணீர் ஏறி, வெளியே வந்து உதறி, மறுபடி ஓடினார். நான் கரையோடு தெற்கே நடந்தேன். ஈர மணலில் கால் வைத்தால் முழங்காலுக்கு ஒரு வலியும் இல்லை. ஆனால் பாருங்கள், பழக்கதோஷம். அவ்வளவு பெரிய கடல் பக்கத்தில் இருக்க, நான் குனிந்து தரையைப் பார்த்தே நடந்தேன். ஏதாவது கழன்றிருக்கிறதா என்று தேடுகிற கண். சிப்பி, கயிறு, ஒற்றைச் செருப்பு, நண்டு வளை. இரண்டு கிலோமீட்டர் போய் நிமிர்ந்தபோதுதான் ஆளே இல்லாத கரையில் தனியாக நிற்கிறேன் என்று தெரிந்தது. யாரிடமாவது 'பார்த்தீங்களா எவ்வளவு தண்ணி' என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன்.

திரும்பும் வழியில், கடலுக்குக் கல் போட்டுக் கட்டியிருக்கிற இடத்தில், ஒரு தட்டிக் கடை. கண்ணாடி ஜாடிகளில் உப்பிலிட்ட மாங்காய், நெல்லிக்காய், அன்னாசி. ஓரத்தில் அடுப்பில் பால் இல்லாத கட்டன்சாயா. தலையில் முக்காடு போட்ட, ஐம்பது வயது இருக்கும், ஒரு பெண். எனக்கு மலையாளம் அரைகுறை. சாயா என்று விரலைக் காட்டினேன்.

"ஏனுங்ணா, கோயமுத்தூருங்களா?" என்றாள்.

கடற்கரையில், அந்நிய ஊரில், ஏனுங்ணா! "உங்களுக்கு எப்படிங் தெரியும்?" என்றேன்.

"நாயை வாங்க போங்கன்னு கூப்புடறது வேற எந்த ஊரு ஆளுங்க?" என்று சிரித்தாள்.

பெயர் உம்மல் குல்சும். அவளுடைய அத்தா இந்தப் பக்கத்திலிருந்து போய்ப் போத்தனூரில் டீக்கடை வைத்திருந்தவர். பிறந்தது, பத்தாவது வரை படித்தது எல்லாம் அங்கே. கட்டிக்கொடுத்தது இங்கே. கணவர் இறந்து ஒன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. கணவரின் அண்ணன் அப்துல் குத்தூஸுக்கு இரண்டு படகும் வலை வைக்கிற கொட்டகையும் உண்டு. அவர் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறாள். தமிழ் பேசி நாளாயிற்று என்று சொல்லிச் சொல்லிப் பேசினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எந்த டீக்கடைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது டீயை அல்ல, கிளாஸை. எங்கள் ஊர்க் கடையில் என் அப்பனுக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். எனக்கு வெளியே ஆணியில் மாட்டிய அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு நானே கழுவி மாட்ட வேண்டும். அப்புறம் சட்டம் கடுமையானது. அப்போதும் கிளாஸ் வேறாகத்தான் இருந்தது. பேச்சில் மட்டும் 'ங்க' சேர்ந்துகொண்டது. "தப்பா நெனைக்காதீங்க, எங்க வழக்கம் அப்படிங்க." ரயில்வே வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், ஆளே தெரியாத ஊரில் இறங்கிக் கண்ணாடி கிளாஸில் ஒரு டீ குடித்தது. இன்றும் கடைக்குள் நுழைந்தால் எந்தக் கிளாஸ், எந்த வாளி, யாருக்கு எதில் என்று கண் பாட்டுக்கு அலையும். சூடு கண்ட பூனை.

குல்சும் கடையிலும் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே கிளாஸ், ஒரே வாளி. எனக்குக் கையில் கொடுத்தாள். குடித்து நீட்டியதைக் கையில் வாங்கினாள். அவ்வளவுதான், எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் இன்ன ஆள் என்பதையும் நாலாவது தடவை போனபோது அவளிடம் சொல்லிவிட்டேன். மகனிடம் போய் இருக்க முடியாத கதையைச் சொன்னால் அதையும் சொல்லத்தானே வேண்டும்? "அதுக்கென்னங்ணா" என்று நெல்லிக்காயை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

அப்புறம் ஞாயிறுகள் இப்படித்தான் போயின. காலை வண்டியில் திரூர். ஆறு கிலோமீட்டர் நடை. கடலில் மேஸ்திரியின் ஆட்டம். கரையோடு தெற்கே கூட்டாயி ஊர்ப் பக்கம் வரை போய்த் திரும்பி, குல்சும் கடைப் பெஞ்சில் ஒரு மணி நேரம். ஈரத்தோடு மேஸ்திரி வந்து என் மடியில் தலை வைப்பார். நான் தடவிக்கொண்டே டீ குடிப்பேன். குல்சும் நாயின் பக்கம் மட்டும் வர மாட்டாள். தூர இருந்து பிஸ்கட் போடுவாள். சில பேருக்கு நாய் பயம், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"சாப்டீங்களாண்ணா? முட்டி எப்படி இருக்குதுங்? பையன் போன் பண்ணுனாருங்களா?" இதுதான் பேச்சு. பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மூன்று கேள்வியைக் கேட்க எனக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை. இரண்டு ஞாயிறுக்கு நடுவில் இருக்கிற பதிமூன்று நாளும் அவளிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். கத்தரிக்காய் விலையைக்கூட ஞாபகம் வைத்துக்கொண்டு போய்ச் சொல்வேன்.

சித்திரை மாதம் அவள்தான் கேட்டாள். "அண்ணனோட வலைக் கொட்டாயில ஒரு ரூம்பு சும்மா கெடக்குதுங். ஆளு இருந்தா ராத்திரி காவலுக்கும் ஆச்சுன்னு சொல்றாரு. நீங்க இங்கயே வந்துடுங்களேன். காலையில எந்திரிச்சா மணலு. மேஸ்திரிக்கும் ஆச்சு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிப்பது? அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். அறுபத்தோரு வயதில் ஒருவன் வேறு ஊரில் போய்க் குடியேறுவதா என்று ஒரு பக்கம். இங்கே யாருக்காக இருக்கிறாய் என்று இன்னொரு பக்கம். எழிலிடம் போனில் சொன்னேன். "உங்களுக்குப் புடிச்சா போங்கப்பா" என்றான். நிம்மதியாகவே சொன்னான்.

அடுத்த தடவை போனதும் நடைக்குக்கூடப் போகவில்லை. நேரே கடைக்குப் போய், "அம்மணி, வந்துடறேன்" என்றேன்.

குல்சும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லா" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணன்கிட்ட இன்னைக்கே சொல்லிப்போடறேனுங். வெள்ளையடிச்சு வெக்கச் சொல்றேன்." அன்று அவள் காசு வாங்கவில்லை. மேஸ்திரி கடலுக்கும் எனக்குமாக ஓடி ஓடி என் வேட்டியெல்லாம் ஈரமாக்கினார். நான் இரண்டு கிளாஸ் டீ குடித்தேன். மாலை வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினோம்.

பாதி வழியில்தான் நாயின் டிக்கெட் ஞாபகம் வந்தது. பெஞ்சிலேயே வைத்துவிட்டேன். மேஸ்திரியை ரோட்டோரம் ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு ஓடினேன்.

கடைக்குப் பின்பக்கமாக வந்தேன். குல்சும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் நான் குடித்த கிளாஸ். பக்கத்தில் பழைய பால் டின் ஒன்று, அதில் செம்மண். மண்ணை அள்ளித் தண்ணீரில் குழைத்துக் கிளாஸுக்கு உள்ளும் வெளியும் பூசினாள். கழுவினாள். மறுபடி தண்ணீர். மறுபடி. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்துபோய் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பலகையின் மேல் அதே மண் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். கடற்கரையில் செம்மண் ஏது? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்காகவே டின்னில் போட்டு.

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"என்ன அம்மணி பண்றீங்க?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அண்ணா... நாய்ங்ணா..."

"நாயா? நாய் பெஞ்சுல உக்காந்துச்சா? நாய் கிளாஸ்ல குடிச்சுதா?"

"அதில்லீங்ணா. அதோட ஈரம் உங்க கையில, துணியில... எங்களுக்கு அது..."

எங்களுக்கு! அந்த வார்த்தையை எனக்குத் தெரியாதா? எங்களுக்கு ஆகாதுங்க, எங்க வழக்கம் அப்படிங்க, எங்க ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். இவளுக்கு நாய்.

"எங்கப்பனுக்குச் சிரட்டை. எனக்கு மண்ணா?" என்று கத்தினேன். கடை முன்னால் ஒரு குடும்பம் மாங்காய் தின்றுகொண்டிருந்தது. படகுக்காரர்கள் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு யார் இருந்தால் என்ன? "மொகத்துக்கு முன்னால அண்ணா, முதுகுக்குப் பின்னால மண்ணு. அஞ்சு வேளை தொழுகறது எதுக்கு? மனுசன் தொட்டதை மண்ணு போட்டுக் கழுவறதுக்கா?" கிளாஸை எடுத்து, கடலுக்குப் போட்டிருந்த கல்லில் அடித்தேன். மேலே ஒரு வார்த்தையும் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

குல்சும் மண் ஒட்டிய கையோடு நின்றாள். அழவில்லை. பெஞ்சின் ஓரத்தில் இருந்த நாயின் டிக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வண்டிக்கு நேரமாச்சுங்ணா" என்றாள்.

அன்றிலிருந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் ரசாக்கைப் பார்க்கப் போனேன். என்னோடு கேங்கில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். கரும்புக்கடையில் இருக்கிறான். நடந்ததை முழுசாகச் சொல்லவில்லை. "ஏப்பா, உங்க ஆளுங்க நாய் ஈரம் பட்டா மண்ணு போட்டுக் கழுவுவீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"மண்ணா?" என்றான் ரசாக். "நாய் வாய் வெச்ச பாத்திரத்தை மூணு தடவை கழுவுவோம். மண்ணெல்லாம் எங்கூட்ல போட்டதில்லையேப்பா. எதுக்கு?"

"சும்மா கேட்டேன்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். பார்த்தாயா, பொய்தான் சொல்லியிருக்கிறாள், நான் நினைத்தது சரி என்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனதுக்குப் பிடித்தவள் கெட்டவள் என்று தெரிந்ததில் சந்தோஷப்பட்ட ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அவன்.

வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து கதவைக் கதவை அறைந்தது. நாங்கள் மொட்டை மாடியில் நடந்தோம், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. ஞாயிறு காலை வண்டி ஹாரன் அடித்தால் மேஸ்திரி வாசலில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். "இல்லீங் மேஸ்திரி" என்பேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து படுப்பார். யாரிடமும் பேசாமல் மூன்று நாள், நாலு நாள் போகும். பால்காரரிடம் 'அரை லிட்டர்' என்று சொன்னபோது என் குரலே எனக்குக் கட்டைக் குரலாகக் கேட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று செவ்வந்தி நூறு தடவை சொல்லியிருப்பாள். அவள் இருந்திருந்தால், 'போய்க் கேட்டுப்போட்டு வாங்க, என்னதான் சொல்லுதுன்னு பாருங்க' என்று விரட்டியிருப்பாள். விரட்டவும் ஆள் இல்லை.

புரட்டாசி பிறந்த சமயம் ரசாக் வீடு தேடி வந்தான். வந்தவன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"அங்கப்பா, நீ அன்னைக்கு மண்ணு கேட்டியே, எதுக்குக் கேட்ட?"

"ஏன்?"

"என் மச்சினன் பொண்ணு ரம்ஷாவை மலப்புறத்துப் பக்கம் குடுத்துருக்குதல்ல? போன வாரம் விருந்துக்குப் போயிருந்தேன். மழையில நனைஞ்ச தெருநாய் ஒண்ணு வந்து திண்டு மேல காயப்போட்ட பாயில ஒரசிப்போச்சு. அவளோட மாமியாரம்மா ஓடிப்போயி டின்னுல மண்ணு கொண்டாந்து கழுவுது. ஏழு தடவை. எனக்கே புதுசா இருந்துச்சு. இங்க வந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். எங்க மார்க்கத்துல சட்டத்துக்கு நாலு வழி இருக்குதாம், நாங்க ஹனஃபி வழி, அவங்க ஷாஃபி வழியாம். சட்டம் கொஞ்சம் வேறயாம். எங்களுக்கு வாய் வெச்சாத்தான். அவங்களுக்கு நாயோட ஈரம் எதுல பட்டாலும் ஏழு தடவை கழுவோணும், அதுல ஒரு தடவை மண்ணு. கையோ, கிளாசோ, பெஞ்சோ. தொட்டது ராசாவா இருந்தாலும் அதேதானாம்."

ரசாக் என் முகத்தைப் பார்த்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடைசியில் சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்து. அவன், "நான் அன்னைக்கே கேட்டுச் சொல்லியிருக்கோணும்" என்றான். அவன் தப்பு இதில் என்ன இருக்கிறது? அவனிடம் நான் கேட்டது தெரிந்துகொள்ளவா? என் கோபத்துக்குச் சாட்சி தேடியல்லவா கேட்டேன்.

அடுத்த ஞாயிறு போனோம். கார்டு பெட்டியில் மேஸ்திரி வாலால் கூண்டை அடித்துக்கொண்டே வந்தார். மழையில் கரையை நிறைய அரித்திருந்தது. கடை அதே இடத்தில் இருந்தது. மேஸ்திரியைத் தூரத்தில் ஒரு தென்னையில் கட்டினேன். குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டேன். வேட்டி காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு ஜோடித்ததில்லை.

"வாங்ணா" என்றாள் குல்சும். "சாயாங்களா?"

யார் வந்தாலும் அப்படித்தான் கேட்பாள். பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் பேப்பர் கப் அடுக்கி வைத்திருந்தது. வாளியும் இல்லை, கிளாஸும் இல்லை. ஒரு கப்பை உருவி, எலுமிச்சை பிழிந்து, டீயை ஊற்றி, கையில் கொடுத்தாள்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மணி" என்றேன். "ரசாக்குன்னு என் சிநேகிதன், அவன் சொல்லித்தான் தெரியும். நான் வேற என்னமோன்னு நெனச்சு... எனக்கு அது சின்ன வயசுலருந்து..." முழுசாகச் சொல்ல முடியவில்லை. இத்தனை வயதில் கடற்கரையில் நின்று மூக்கை உறிஞ்சினேன்.

"தெரியுங்ணா" என்றாள். "நீங்க சிரட்டைன்னு சொன்னீங்கல்ல, அன்னைக்கு ராத்திரியே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நானும் மொதல்லயே சொல்லியிருக்கோணும். ஏழு தடவை கழுவறதுக்கு எத்தன நேரமாயிருங், அஞ்சு நிமிசம். சொன்னா நீங்க நாயை உட்டுப்போட்டு வர மாட்டீங்க. அப்பறம் நீங்களும் வர மாட்டீங்க. அதனாலதான் சொல்லலைங்."

கார்த்திகையிலிருந்து சித்திரை வரை. ஒவ்வொரு ஞாயிறும், நான் போன பிறகு, வீட்டிலிருந்து மண் கொண்டு வந்து. நான் வர வேண்டும் என்பதற்காக.

"அந்த ரூம்பு..." என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அண்ணன் வேற ஆளுக்குக் குடுத்துப்போட்டாருங். நான் சொல்லிப் பாத்தேன். அத்தனை பேருக்கு முன்னால தொழுகையைப் பத்திப் பேசுன மனுசன் வேண்டாம்னுட்டாரு." பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

"இந்தக் கப்பு?"

"நீங்க போன மறுநாளே வாங்கியாந்தேனுங். இனி யாரு மனசும் நோகக் கூடாது பாருங்க. கழுவற வேலையும் இல்லை."

ஒரு வேனில் பத்துப் பேர் வந்து இறங்கினார்கள். அன்னாசி, மாங்காய், நாலு சாயா என்று சத்தம். குல்சும் அந்தப் பக்கம் திரும்பினாள். நான் பெஞ்சு ஓரத்தில் நின்றேன். கிளாஸ் என்றால் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும், கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். முட்டி எப்படி இருக்கிறது, பையன் பேசினானா என்று அந்த நேரத்தில்தான் அவள் கேட்பாள். இன்றைக்கும் கேட்பாளோ என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். வேன்காரர்கள் இன்னும் இரண்டு சாயா கேட்டார்கள்.

கூட்டத்துக்கு நடுவே அவள் தலையை நிமிர்த்தினாள். "நடந்துக்கிட்டே குடிங்ணா, பரவால்லீங். குடிச்சுப்போட்டு அங்க டப்பா இருக்குது, அதுல போட்டுருங்."

தென்னையடிக்குப் போய் மேஸ்திரியை அவிழ்த்துவிட்டேன். அவர் நேரே கடலுக்கு ஓடி நனைந்து வந்து என் கையில் முகத்தைத் தேய்த்தார். டீ அதே டீதான், எலுமிச்சையும் புதினாவும் போட்டது. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கூட்டாயி பக்கம் நடந்தோம்.